அண்ணை எனக்குச் சொன்ன ஓம்

அண்ணையின் உடல் ஊர்காவற்றுறை வீட்டில் கிடத்தியிருந்தபோது நின்றவர்களை முதலில் எழுதுகிறேன். அண்ணி. அண்ணியின் தமையனார். என் மகள். அயல் வீட்டு ஆசிரியை. ஆஸ்பத்திரியிலிருந்து கூட வந்த வான் சாரதி. பந்தலின் பின்வரிசையில் ஆறு பேர்: நெடுந்தீவில் மாடு வளர்ப்பவர், நயினாதீவில் கடை வைத்திருப்பவர், புங்குடுதீவு பஸ் சாரதி, வேலணையில் புகையிலைத் தோட்டம் செய்பவர், அல்லைப்பிட்டியில் வலைத்தொழில் செய்பவர், ஊர்காவற்றுறையில் சலூன் வைத்திருப்பவர். இந்த ஆறு பேரும் எங்களுக்கு உறவில்லை. அண்ணையிடம் படித்த பிள்ளைகளின் தகப்பன்மார். கடைசியாக நான்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும் என்று அண்ணி கேட்டார். "தம்பி, நீர்தானே கூடப் பிறந்தனீர். நீர்தான் எழுதவேணும்." நான் ஏழாம் வகுப்பு மட்டும் படித்தவன். கடற்றொழில். எழுத்துப் பிழைகளை மகள் திருத்தித் தந்தாள். வேறொன்றையும் மாற்ற நான் விடவில்லை.

அண்ணை நெடுந்தீவில் பிறந்தவர். நாங்கள் ஆண் பிள்ளைகள் இரண்டு பேர். ஐயாவுக்கும் கடல்தான் தொழில். அண்ணை படித்தார். நான் வள்ளத்தில் ஏறினேன். அவர் உயர்தரம் எழுதிக் கண்டிப் பக்கம் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டார். நாட்டில் பிரச்சினை தொடங்கியிருந்த காலம். போக வேண்டாம் என்றார் ஐயா. "ஓம்" என்றார் அண்ணை. போகவில்லை. கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்தார். அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

பிறகு ஊர்காவற்றுறையில் ஒரு பாடசாலையில் எழுத்துவேலை பார்க்கும் இலிகிதராக இருந்தார். அங்கேயே கலியாணம் முடித்தார். பிள்ளைகள் இல்லை. வேலை முடிந்து வந்தால் விறாந்தையில் உயர்தரப் பிள்ளைகள் இருப்பார்கள். இரசாயனமும் பௌதிகமும் சொல்லிக் கொடுப்பார். சனிக்கிழமைகளில் படகேறி நெடுந்தீவுக்கு வருவார். இங்கே அந்தப் பாடங்களுக்கு ஆள் இருக்கவில்லை. கடற்காரன் பெற்ற பிள்ளை, ஆனால் அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. சத்தி எடுத்துக்கொண்டுதான் வந்து இறங்குவார். பிள்ளைகள் இறங்குதுறையில் தேசிக்காயோடு நிற்பார்கள். முகத்தைக் கழுவிப்போட்டு நேரே கரும்பலகைக்குப் போவார். இருபது வருடத்துக்கு மேல் அப்படி வந்தார்.

அவரிடம் படித்த ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பிழைக் கொப்பி வைத்திருக்க வேண்டும். பழைய வினாத்தாளைச் செய்து, பிழைத்த கணக்கை மட்டும் அதில் எழுத வேண்டும். சரியாகச் செய்ததை எழுதினால் கிழித்துவிடுவார். "சரியானது உனக்குத் தெரியும்தானே. பிறகேன் எழுதுறாய்?" என்பார். ஆகையால் அண்ணையின் நல்ல குணங்களை மற்றவர்கள் எழுதட்டும். அவை எல்லோருக்கும் தெரியும். நான் மற்றதை எழுதுகிறேன்.

என் மகளும் அந்தச் சனிக்கிழமைப் பிள்ளைகளில் ஒருத்தி. நல்ல பெறுபேறு வந்தது. அதற்குப் பிறகு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும். எந்த ஊர், எந்தப் படிப்பு என்று பிள்ளை தன் விருப்பத்தை வரிசையாகப் போடும். மேலே போட்டதுக்குப் புள்ளி காணுமென்றால் அதுதான் கிடைக்கும். அனுப்பினால் பிறகு மாற்ற ஏலாது. எல்லாம் கொம்பியூட்டரில். நெடுந்தீவில் சிக்னல் வரும், போகும். எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் ஊர்காவற்றுறையில் வைத்து அண்ணைதான் நிரப்பினார்.

அந்த நேரம் என் மனைவிக்குப் பாரிசவாதம். வலக் கையும் காலும் இழுத்துவிட்டது. மகள்தான் குளிக்க வார்ப்பாள், தலை இழுத்து விடுவாள், சோறு தீத்துவாள். வேறு பிள்ளை இல்லை. யாழ்ப்பாணத்தில் படித்தால் வெள்ளிக்கிழமை படகுக்கு வந்து ஞாயிறு போவாள். அவள் கேட்டது நாட்டின் தென்கோடியில் இருக்கிற மாத்தறை. மீன்பிடியும் கடலும் பற்றிய படிப்பு.

"மீன் பிடிக்கப் பட்டம் எடுக்க மாத்தறைக்கோ? நான் பட்டம் இல்லாமல்தானே பிடிக்கிறனான்" என்றேன்.

"அதுதானப்பா உங்களுக்கு ஒண்டும் பிடிபடுதில்லை" என்றாள். மனைவி கட்டிலில் கிடந்து சிரித்தார்.

நான் சிரித்துப்போட்டு அடுத்த நாள் ஊர்காவற்றுறைக்குப் போனேன். அண்ணை கதிரையில் இருந்து வினாத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணை, யாழ்ப்பாணத்தை மேலை போடுங்கோ. தாயின்ரை நிலைமை உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"அவள் வேறை மாதிரிச் சொல்லுவாள்."

"ஓம் ஓம். சாப்பிட்டிட்டுப் போ."

சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மாத்தறை கிடைத்தது. யாழ்ப்பாணத்துக்குப் புள்ளி காணாது போலும் என்று இருந்தேன். பெட்டி அடுக்குகிற அன்றுதான் மகள் சொன்னாள், பெரியப்பா மாத்தறையைத்தான் முதலாவதாகப் போட்டவர் என்று. எனக்குத் தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள்.

அன்றே போனேன். முற்றத்தில் நின்று கேட்டேன்.

"என்னட்டை ஓம் எண்டனீங்களெல்லே?"

"ஓம்."

"பிறகென்ன அண்ணை?"

"நீ சொன்னது விளங்கினது எண்டு சொன்னனான்."

"ஏலாது எண்டு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் நீ சண்டை பிடிப்பாய். என்னட்டை நீ வெல்லுவாய், தம்பி. பிள்ளை தோக்கும்."

மகள் போனாள். இரண்டாம் வருடம் மார்கழியில் மனைவிக்குத் திரும்பவும் வந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் வரை கதைத்தார். சனிக்கிழமை காற்று எழும்பிப் படகுகளை நிற்பாட்டினார்கள். ஞாயிறு விடியக் காலமானார். மகள் மாத்தறையிலிருந்து பஸ்ஸில் வந்து, நெடுந்தீவுப் படகு ஏறும் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றாள். அண்ணையும் பக்கத்தில் நின்றாராம். படகு ஓடவில்லை. எங்களுக்கு உடலை வைத்திருக்க ஏலாது. எரித்தோம். செவ்வாய்க்கிழமை இருவரும் வந்து இறங்கினார்கள்.

யாழ்ப்பாணத்தில் படித்திருந்தாலும் அந்தக் காற்றுக்குள் படகு ஓடியிராது என்று அண்ணி சொன்னார். வெள்ளிக்கிழமை ஓடியது என்றேன் நான். வெள்ளிக்கிழமை அவள் வந்திருப்பாள்.

"நான்தானேயப்பா கேட்டனான். பெரியப்பாவிலை பிழையில்லை" என்று மகள் பலமுறை சொன்னாள். கேட்பது பிள்ளையின் வேலை. அவளில் எனக்குக் கோபம் இல்லை. அவள் என்னை ஏமாற்றவில்லை. அண்ணை என் முகத்தைப் பார்த்து ஓம் என்றார், எனக்குச் சோறும் போட்டார். அதற்கு எனக்குத் தெரிந்த சொல் துரோகம். ஆறு வருடம் நான் அவரோடு கதைக்கவில்லை. சனிக்கிழமைகளில் அவர் வந்து இறங்கும் நேரம் நான் துறைப் பக்கம் போவதில்லை.

மகள் பட்டம் எடுத்து இப்போது தெற்கில் வேலை செய்கிறாள். நல்ல வேலை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அண்ணைக்குச் சீனி வருத்தம் சிறுநீரகத்துக்கு இறங்கியது. யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தார். ஒன்பதாம் நாள் நான் போனேன். ஆள் நன்றாக மெலிந்துவிட்டார். கட்டில் அருகே நின்றேன். கண்ணைத் திறந்து என்னைக் கண்டார்.

"சாப்பிட்டனியோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். விடியத் தொடக்கம் நான் ஒன்றும் சாப்பிடவில்லை. அதுதான் நாங்கள் கடைசியாகக் கதைத்தது.

செத்தவீட்டில் சலூன்காரர் என் பக்கத்தில் வந்து இருந்தார். "உங்கடை தமையன் என்னைப் பேக்காட்டினவர், தெரியுமோ?" என்றார். "பொடியனைக் கொமர்ஸ் படிக்கச் சொல்லுங்கோ எண்டு கேட்டனான். ஓம் எண்டார். இரண்டு மாசத்தாலை பாத்தால் அவன் வீட்டுக் குசினியிலை கரப்பான் பூச்சியை வெட்டிப் படிச்சுக்கொண்டு நிக்கிறான். கோவத்திலை, இனி உமக்குத் தலைமயிர் வெட்டமாட்டன் எண்டனான். மனிசன் வேறை கடைக்குப் போகேல்லை. மூண்டு மாசம் வளத்துக்கொண்டு திரிஞ்சுது."

பஸ் சாரதி திரும்பிப் பார்த்தார். "உமக்கும் ஓமோ? எனக்கும் ஓம்தான்."

"எனக்கு இரண்டு ஓம். இரண்டு பிள்ளையெல்லே" என்றார் மாடு வளர்ப்பவர்.

வரிசை முழுக்கச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இவ்வளவு காலமும் என்னை மட்டும்தான் ஏமாற்றினார் என்று நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரி விடுதியில் அண்ணையைத் துடைத்து உடுப்பு மாற்றிவிட்ட தாதிமாருக்கும், பந்தல் போட்ட இளைஞர்களுக்கும், நெடுந்தீவு ஆட்கள் வந்து சேர அரை மணித்தியாலம் பிந்திப் படகை விட்டவர்களுக்கும், மூன்று நாளும் சமைத்துத் தந்த அயலவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கொள்ளி நான் வைத்தேன்.

பாடையை வீட்டிலிருந்து சுடலை வரைக்கும் மாறி மாறித் தூக்கியவர்களுக்கும் நன்றி. உறவுக்காரர் தோள் கொடுக்க வந்தபோது பின்வரிசைக்காரர் விடவில்லை. அண்ணை ஓம் என்று சொல்லி ஏமாற்றிய தகப்பன்மார்தான் கடைசிவரை தூக்கினார்கள். என்னையும் சேர்த்து ஏழு பேர்.