செம்பூரில் ஓர் இருட்டு அறை

மும்பைக்குப் போனது ஊர் சுற்ற அல்ல. தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருக்கும் என் அக்கா கணவர் போன பிப்ரவரியில் கூப்பிட்டிருந்தார். மகள் நஸ்ரின் எம்.எஸ்ஸி. இயற்பியல், முதல் வருடம். செம்பூரில் ஒரு கல்லூரியில் மாணவர்கள் குவாண்டம் ஒளியியல் ஆய்வுகளைச் செய்துகாட்டும் நாள் அது. முதலிடம் பெறுபவருக்குக் கோடை முழுக்க ஆய்வுக்கூடத்தில் இடம். மச்சான் பட்டறைக்கே லீவு விட்டுவிட்டார். சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் அரை நாள்தான் மூடுகிற ஆள்!

மேம்பால வேலை நடப்பதால், தாராவியை ஒட்டிய சயானில் டாக்ஸியை நம்பாதீர்கள். ரயிலில் குர்லா, அங்கே மாறி செம்பூர். டிக்கெட் ஐந்து ரூபாய். பிறகு ஆட்டோ, மீட்டர்படி இருபத்தாறு. மச்சானுக்கு வழியெல்லாம் வாய் ஓயவில்லை. ஆட்டோக்காரரிடமும், "மேரி பேட்டி சயின்டிஸ்ட் ஹை பாய்!" என் மகள் விஞ்ஞானி என்று இந்தியில் பெருமை.

அறைக்குள் நுழையும்போது, பள்ளிவாசலுக்குப் போவதுபோல, இருவரும் போனை சைலண்டில் போட்டோம். சத்தம் வராமல் இருந்தால் போதும் என்ற நினைப்பு.

ஒளியை ஒவ்வொரு துகளாக இரண்டு மெல்லிய இடுக்குகள் வழியே அனுப்பி, வந்து சேர்வதைக் கருவியால் பிடிப்பது நஸ்ரினின் சோதனை. கணினித் திரையில் புள்ளிகள் சேர்ந்து மெல்ல வரிகளாக வேண்டும். சோதனையை வெளிச்சம் படாமல் மூடும் பெட்டி மாணவர்களே செய்தது, சரியாக மூடாது. அதனால் எல்லா விளக்கையும் அணைத்திருந்தார்கள். வரிகள் தெரிய ஆரம்பித்தன. மச்சானுக்குத் தாங்கவில்லை. எழுந்து, வீடியோ எடுக்க டார்ச்சைப் போட்டார்.

"வாப்பா!" என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினாள் நஸ்ரின்.

அதற்குள் திரை முழுக்க வெள்ளை. வெளிச்சம் தாங்காமல் கருவி தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. அது திரும்ப வேலை செய்வதற்குள் அவளுடைய நேரம் முடிந்துவிட்டது. முதலிடம் வேறொரு மாணவனுக்குப் போனது.

"சைலண்ட்லதான மாப்ள போட்டேன்?" திரும்பும்போது மச்சான் என்னிடம் இரண்டு முறை கேட்டார்.

"வெளிச்சம் ஆகாதுன்னு நாந்தான் சொல்லிருக்கணும் வாப்பா," என்றாள் நஸ்ரின். அவள் கோபப்பட்டுத் திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிப்ரவரி நல்ல மாதம், வெயில் அதிகம் இல்லை. பிள்ளைகளின் இப்படிப்பட்ட நிகழ்ச்சிக்குப் போகிறவர்கள், உள்ளே என்ன செய்யக் கூடாது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். வீடியோவை மறந்துவிடுங்கள்.

போன வாரம் மச்சானிடம் பேசினேன். நஸ்ரின் அடுத்த வருடமும் கலந்துகொள்கிறாளாம். போவீர்களா என்று கேட்டேன்.

"போவேன் மாப்ள," என்றார். "வெளிய நின்னுக்கிடுதேன்."