நூல் சுற்றுகிற இடம்

போன வாரம் வள்ளியூருக்கு மினி பஸ்ஸில் போனேன். டிரைவர் பாட்டுப் போட்டார். முதல் அடி முடிந்ததும் பாட்டு சட்டென்று நின்றது. கண்டக்டர் தம்பி ஸ்பீக்கரில் ஒரு தட்டுத் தட்டி, "வயரு லூசு போலுக்கு அண்ணே" என்றான். அதற்குள் பாட்டு தானாகவே அடுத்த அடிக்குப் போய்விட்டது. தான் தட்டினதால்தான் வந்தது என்று அவனுக்கு ஒரே பெருமை. நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து எனக்குப் பழக்கம் கிடையாது. ஆனால் மடியில் கிடந்த விரல் அந்த இடத்தில் தானாகச் சுற்றிக்கொண்டது.

அது வயர்க் கோளாறு இல்லை. நூல் சுற்றுகிற இடம்.

பாடுகிறவள் எங்கள் இசக்கி. எல்லாம் அவளே கட்டுகிற பாட்டு. இப்போது ஊர் ஊராகக் கூப்பிடுகிறார்கள். அப்போது முக்கூடலில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நாங்கள் நாலைந்து பேர் சொளவு என்கிற முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுவோம். அவள்தான் இளையவள். இலையில் தூளை வைத்து உருட்டும்போது ஒரு அடி பாடுவாள். நூலைச் சுற்றி இறுக்கும்போது வாய் மூடிவிடும். அடுத்த இலைக்கு அடுத்த அடி. தூள் நெடிக்கு நாங்கள் தும்மிக்கொண்டே இருப்போம். அவள் தும்மி நான் பார்த்ததில்லை.

மாடத்தி மயினியின் வீட்டுக்காரர் சந்தைக்குப் போய் மறுநாள்தான் வந்தார். உடனே பாட்டு வந்துவிட்டது.

"வடிச்ச கஞ்சி ஆறுமுன்ன வாரேன்னு போனவரே
வள்ளியூரு சந்தையில வழிமறந்து நின்னீரோ"

"ஏட்டி, எம் புருசனையா பாட்டுல ஏத்துத?" என்று மயினி இலை வெட்டுகிற கத்தரியை ஓங்கினாள். பிறகு, "இன்னொருக்கா பாடு, கேப்போம்."

எங்கள் ஊர்க் கோவில் கொடைத் திருவிழாவில் ஒரு தடவை, மதியம் வில்லுப்பாட்டுக்காரர்கள் சாப்பிடப் போன நேரத்தில், கமிட்டி அண்ணாச்சி அவளை மேடை ஏற்றினார். "நல்லா இருந்தா அடுத்த கொடையில ஒனக்குத்தான் கச்சேரி தாயி." அவள் அப்பாவோ, "எடுபடலைன்னா இந்தப் பாட்டுப் பேச்சே கூடாது" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

அந்தக் கஞ்சிப் பாட்டில் முதல் அடி வந்தது. அப்புறம் வரவில்லை. மறுபடி முதல் அடி, மறுபடி நிற்கிறாள். பின்னால் ஒருத்தன், "ஏ, கஞ்சி ஆறிப் போச்சுவே!" என்றான். கூட்டம் சிரித்தது. அவள் அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

எனக்கு அவள் கைதான் தெரிந்தது. வெறுங்கை, தாவணியைப் பிசைந்துகொண்டிருந்தது.

கோவிலுக்கு எதிரில்தான் வீடு. ஓடிப்போய் இலையும் தூளும் நூலுமாகச் சொளவை எடுத்து வந்தேன். மேடையில் ஏற எனக்குத் தைரியம் ஏது? அவளுக்கு நேராகக் கீழே, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து பீடி சுற்ற ஆரம்பித்தேன்.

"யாரும்மா அது, கோயில்ல வந்து பீடி சுத்துதது?" என்று அண்ணாச்சி சத்தம் போட்டார். நான் தலையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் வீட்டுக்கே ஓடியிருப்பேன்.

இசக்கி என் கையைப் பார்த்தாள். உருட்டினேன், பாடினாள். நூல் சுற்றினேன், நிறுத்தினாள். அந்த இடைவெளியில் ஓரத்தில் இருந்த கோவில் மேளக்காரர் ஒரு அடி போட்டார் பாருங்கள், கூட்டமே கைதட்டிச் சேர்ந்துகொண்டது. பாட்டு முடிந்ததும் மைக்கிலேயே என்னிடம் சொன்னாள்: "அத்தே, எந்திரிச்சிராதிய, இன்னொண்ணு இருக்கு." அவள் அப்பா மறுபடி உட்கார்ந்திருந்தார்.

பிறகு சில ஊர்களுக்கும் என்னைக் கூட்டிப்போனாள். எல்லா ஊருக்கும் என் முதுகுதான் தெரியும்.

இப்போது வேப்பமரத்தடியில் யாரும் இல்லை. என் கண்ணுக்கு நூல் தெரியாமல் போய், சொளவில் வற்றல் காய்கிறது. அன்றைக்கு மினி பஸ்ஸில் அவளுடைய அடுத்த பாட்டு வந்தது. நான் கேட்டிராத புதுப் பாட்டு. முதல் அடி முடிகிற இடத்தில் என் விரல் காத்திருந்தது. பாட்டு நிற்கவே இல்லை, ஆறு மாதிரி போய்க்கொண்டே இருந்தது.

கண்டக்டர் தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். "பாத்தியளா ஆச்சி, சரியாயிட்டுல்லா!"

ஆமா என்று தலையாட்டினேன்.