ஏழாம் கேள்வி

நான் இதுவரை வகித்த பதவிகளிலேயே அதிகாரம் மிகுந்தது எனக்கு ஏழு வயதில் கிடைத்தது. அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, கொழும்பிலுள்ள ஒரு வணிக மேலாண்மைக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். எங்கள் ஊவா மாகாணத்துப் பிள்ளைகளுக்கென்று புலமைப்பரிசிலோடு இரண்டே இரண்டு இடம். நேர்முகத் தேர்வு பதுளையில் நடக்கும் என்று கடிதம் வந்ததும், வீட்டில் வைத்துப் பழகிப் பார்க்க அவளுக்கு ஒரு தேர்வாளர் தேவைப்பட்டது. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் வேலை முடித்து வந்தால் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போவார். அம்மா, எனக்கு ஒரு வயதாக இருக்கும்போதே குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தார். அந்த வருஷக் கடைசியில்தான் திரும்பி வருவதாக இருந்தது. மிஞ்சியது நான்.

தெமோதரைக்கு மேலே எங்கள் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில், ஒரு அறையும் ஒரு அடுப்படியும்தான் எங்கள் வீடு. அங்கிருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலி தேர்வாளருடையது ஆயிற்று. அத்தை பன்னிரண்டு இங்கிலீஷ் கேள்விகளைத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்தாள். எனக்கு ஒன்றுக்கும் அர்த்தம் தெரியாது. ஆனால் இரண்டே நாளில் பன்னிரண்டையும் பாராமல் ஒப்பிக்கும் நிலைக்கு வந்துவிட்டேன். இந்தக் கெட்டிக்காரத்தனத்தால்தான் பின்னால் வினை வந்தது.

நேர்முகத் தேர்வு என்றால் என்னவென்று நான் கண்டதில்லை. ஒருவர் மற்றவரை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பதை நான் பார்த்த ஒரே இடம் காலைப் பெரட்டு. ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் வாசித்து, யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்துக் கொடுக்கிற இடம் அது. பிந்தி வந்தவர்களைக் கங்காணி எப்படித் திருப்பி அனுப்புவார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே நான் நடத்திய தேர்வு முழுவதும் பெரட்டு முறைப்படிதான் நடந்தது.

"ஏன் லேட்டு?"

"இப்பத்தானேம்மா கூப்பிட்ட?"

"பேர் இல்ல. போ வீட்டுக்கு."

அத்தை வெளியே போய், கதவைத் தட்டி, மறுபடி வணக்கம் சொல்லிக்கொண்டு வருவாள். மற்ற நேரங்களில் அவளை 'நீங்க' என்று கூப்பிடாவிட்டால் அப்பாவிடம் குட்டு விழும். தேர்வு நேரத்தில் மட்டும் 'நீ'. அந்த ஒரு எழுத்துக்காகவே நான் தினமும் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தேன். அவள் பதிலை நடுவில் நிறுத்தினால் திரும்பச் சொல்ல வைப்பேன். நிறுத்தாமல் சொன்னாலும் திரும்பச் சொல்ல வைப்பேன்.

பதினொரு கேள்விகளுக்கு அத்தை தண்ணீர் ஓடுகிற மாதிரி பதில் சொன்னாள். ஏழாவதில்தான் சிக்கல். பள்ளிப் படிப்பு முடிவில் எழுதும் உயர்தரப் பரீட்சையில் வணிகப் பிரிவில் அவள் நன்றாகவே தேறியிருந்தாள். அதற்குப் பிறகு ஐந்து வருஷம் படிவத்தில் ஒன்றுமில்லை, வெறும் கோடு. கடைசி ஒரு வருஷம் பதுளையில் கணக்கியல் வகுப்பு. இடையில் அந்த ஐந்து வருஷம் என்ன செய்தாய் என்பதுதான் ஏழாம் கேள்வி. அதற்குச் சரியாகப் பதில் சொல்லாவிட்டால் இடம் கிடைக்காது, அடுத்த வருஷம் விண்ணப்பிக்க வயதும் கடந்துவிடும். பிறகு கார்மென்ட் தொழிற்சாலைதான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அப்பாவுக்கு வேறொரு பயமும் இருந்தது. தோட்டத்து ஆபீசில் செக்ரோல் என்று ஒரு பெரிய புத்தகம் உண்டு. யார் எந்த நாள் வேலைக்கு வந்தார்கள் என்று அதில்தான் பதிவார்கள். அதில் பேர் விழுந்தவர் உழைத்தவர், விழாதவர் சும்மா இருந்தவர். பிறந்ததிலிருந்து அப்பா அறிந்த நியாயம் அது. கல்லூரிக்காரர்கள் தோட்டத்தை நடத்தும் துரைக்கு எழுதிக் கேட்பார்கள், துரை செக்ரோலைப் புரட்டுவார், தங்கச்சியின் பேர் ஒரு நாள்கூட இல்லை என்று பதில் போடுவார் என்று அவர் சத்தியமாக நம்பினார்.

"சும்மா வீட்டுல இருந்தேன்னு சொன்னா யாரு எடம் குடுப்பா தங்கச்சி?"

"நான் சும்மாவாண்ணே இருந்தேன்?"

"எனக்குத் தெரியும். அவங்களுக்கு என்னா தெரியும்?"

அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை பதுளைக்குப் போய், தெரிந்த ஜவுளிக்கடை முதலாளி ஒருவரிடம் பேசிவிட்டு வந்தார். யாராவது கேட்டால் இந்தப் பிள்ளை ஐந்து வருஷம் என் கடையில் கணக்கு எழுதியது என்று சொல்ல முதலாளி ஒத்துக்கொண்டாராம். அன்றிலிருந்து ஏழாம் கேள்விக்குப் பதில் ஜவுளிக்கடை. அத்தை அதை இங்கிலீஷில் மூன்று வரியாக எழுதிப் பாடமாக்கினாள். ஆனால் அந்த இடம் வந்தாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான் எத்தனையோ தடவை அவளை வெளியே அனுப்பிப் பார்த்தேன். திருந்தவில்லை.

தேர்வு நாளன்று நானும் வருவேன் என்று அழுது புரண்டேன். நான் இல்லாமல் அவள் எப்படிச் சமாளிப்பாள்? பஸ் முழுக்க ஏழாம் கேள்வியையே அவள் காதில் ஓதிக்கொண்டு போனேன். பதுளையில் ஒரு பழைய மண்டபம். வெயில் கொளுத்தியதால் அறைக்கதவைச் சாத்தாமல், அடியில் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்: கோட்டுப் போட்ட இரண்டு ஆண்கள், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மையார். அத்தை உள்ளே போனதும் நானும் அப்பாவும் வாசலுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

அந்த மூன்று பேர்மேலும் எனக்கு உடனே மரியாதை போய்விட்டது. மூன்றாம் கேள்வியை முதலில் கேட்டார்கள். பிறகு ஒன்பது. அதற்குப் பிறகு என் தாளிலேயே இல்லாத எதையோ கேட்டார்கள். ஒழுங்கு என்பதே கிடையாது. அப்படியிருந்தும் அத்தை சளைக்காமல் பதில் சொன்னாள். அப்போது அம்மையார் படிவத்தைப் புரட்டி ஒன்று கேட்டார். அதன் முடிவில் 'ஃபைவ் இயர்ஸ்' என்பது தெளிவாக என் காதில் விழுந்தது. ஏழு!

அத்தை வாயே திறக்கவில்லை. கைகளைக் கோர்த்துக்கொண்டு மேசையையே பார்த்தாள். ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார். இத்தனை நாள் உயிரைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்ததை இவள் மறந்து நிற்கிறாளே என்று எனக்கு அழுகை முட்டியது. எழுந்து வாசலுக்கு ஓடிப்போய், தொண்டை கிழியக் கத்தினேன்.

"அத்தை! ஜவுளிக்கடை! ஜவுளிக்கடைன்னு சொல்லுங்க!"

கோட்டுப் போட்ட இருவருக்கும் தமிழ் புரியவில்லை. அம்மையாருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி முதலில் என்னையும் பிறகு அத்தையையும் பார்த்தார். அப்பா பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். ஜவுளிக்கடைப் பதில் மூன்று வரி. இது அவ்வளவு நீளமில்லை. அது மட்டும் எனக்கு விளங்கியது.

"இஞ்ச வாங்கோ பிள்ளை," என்றார் அம்மையார் யாழ்ப்பாணத் தமிழில். "எத்தினை வயசு?"

"ஏழு."

"ஆர் உங்களைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்திறது?"

"அத்தைதான். முன்னாடி சளி புடிச்சு ஆஸ்பத்திரில இருந்தப்பவும் அத்தைதான்," என்றேன், கேட்காததையும் சேர்த்து.

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். ஒருவர் எழுந்து வந்து செங்கல்லைக் காலால் தள்ளிக் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அத்தை உள்ளேயே இருந்தாள். அப்பா என்னை அடிக்கவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

அடுத்த மூன்று வாரமும் நாற்காலி சும்மா கிடந்தது. ஒரு நாள் பின்னேரம் ஆபீஸ் பையன் கொண்டுவந்த கடிதத்தை அப்பாவுக்குப் பிரிக்கத் துணிவில்லை, அத்தைதான் பிரித்தாள். இடம் கிடைத்துவிட்டது. அப்பா அப்படியே படியில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். "நல்ல வேளை, நல்ல வேளை" என்பதைத் தவிர அன்றிரவு வரை அவர் வாயில் வேறு பேச்சே வரவில்லை. எனக்கும் மூன்று வாரமாக இருந்த பயம் கழன்று விழுந்தது. உடனே லயம் முழுக்க ஓடி, என் பயிற்சியால்தான் அத்தை தேறினாள் என்று கதவு கதவாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அத்தை இப்போது கொழும்பில் ஒரு நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். போன மாதம் வந்திருந்தபோது, அன்றைக்கு இங்கிலீஷில் என்னதான் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னாள்.

"கடையில வேல செஞ்சேன்னு பொய் சொல்லத்தான் வந்தேன். ஆனா அந்த அஞ்சு வருசமும் நான் செஞ்ச வேல, அந்தா வாசல்ல நிக்கிதுன்னு சொன்னேன்."

அன்று திரும்பி வரும் பஸ்ஸில், அவள் மடியில் உட்கார்ந்துகொண்டு, பதிலை மறந்துபோனதற்காகத் தெமோதரை வரைக்கும் நான் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.