தொட்டியில் மறைந்த எண்ணெய்

தங்கையின் கணவரை எனக்கு முதலிலிருந்தே பிடிக்காது. பெரியநாயக்கன்பாளையத்தில் பட்டறைத் தரை கழுவும் திரவம் தயாரிக்கிறார். கடலில் கொட்டிய எண்ணெயையும் அது கரைக்கும் என்று விற்கக் கிளம்பியபோது, நோட்டீஸ் எழுத என்னைப் பிடித்தார். நான் நிறையப் புத்தகம் படிக்கிறவன் என்று சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆவணி கடைசி ஞாயிறு மாலை ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வரி: "சிதறிய எண்ணெய்த் துளிகளைக் கடலின் நுண்ணிய மிதவை உயிர்கள் தின்று தீர்த்துவிடும்."

முழுப் பொய்யில்லை, பாதிதான் உண்மை. அரிசி மணியைவிடச் சிறிய, இறாலுக்குத் தூரத்து உறவான உயிர்கள் அவை. பாசியோடு எண்ணெய்த் துளியையும் விழுங்குகின்றன என்று ஒரு நூலில் படித்த கையோடு மூடி வைத்துவிட்டேன். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் தரையில் எண்ணெய் சிந்தினால் மரத்தூளைப் போட்டுக் கூட்டி எடுப்போம். தரை பளிச்சென்றால் வேலை முடிந்தது. அந்த உயிர்களையும் மரத்தூளாகவே நினைத்திருக்கிறேன்.

புரட்டாசியில்தான் மீதி அத்தியாயத்தைப் படித்தேன். தின்றதில் கொஞ்சம் கழிவாகிக் கடலடிக்கு இறங்குகிறது. கொஞ்சம் உடலிலேயே தங்குகிறது. முட்டை குறைகிறது, பல செத்தும் போகின்றன. பிழைத்ததை மீன்குஞ்சு தின்கிறது. திரவம் எண்ணெயைச் சிறுதுளியாக்கினால் அவை விழுங்க இன்னும் தோது.

வரியை எடுக்கச் சொல்லி மூன்று முறை போன் செய்தேன்.

"அச்சாயிருச்சுங்க மச்சான். பூச்சிக்கெல்லாம் பஞ்சாயத்து வெக்காதீங்க."

ஐப்பசி முதல் புதன், கடற்கரையிலிருந்து மீனவர் படகுச் சங்கத்து அம்மா ஒருவர் திரவத்தைப் பார்க்க வந்தார். அழைக்காமலே நானும் போனேன். மாப்பிள்ளை தொட்டித் தண்ணீரில் பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றி, திரவத்தைத் தெளித்து, கட்டையால் கலக்கினார். கருப்புப் படலம் காணாமல் போனது. தண்ணீர் டீ நிறத்தில் கலங்கி நின்றது.

"எண்ணெய் எங்க போச்சு?" என்று கேட்டார் அந்த அம்மா.

"கடல்ல பூச்சி தின்னுபோடுமுங்க. நோட்டீஸ்லயே இருக்குது. எழுதுனவரே நிக்கறாரு, கேட்டுக்குங்க."

"தின்னுமுங்க. அப்புறம் அது சாகும், இல்லீன்னா மீன் அதைத் தின்னும்," என்றேன். "அந்த வரி தப்புங்க. எழுதுனவன் நான்தான்."

அவர் நோட்டீஸை நான்காக மடித்துப் பையில் வைத்தார். "அந்த மீனத்தான எம் புள்ளைங்களுக்கு ஆக்கிப் போடுறேன்," என்றவர், வந்த காபியைத் தொடாமல் கிளம்பினார்.

மாப்பிள்ளை மரியாதை குறையாமல் திட்டினார். "தங்கச்சி ஊட்டுச் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டீங்க. இனி அந்தப் பூச்சி ஊட்டுலயே சம்பந்தம் வெச்சுக்குங்க."

"மத்த நோட்டீஸெல்லாம் எங்கீங்க?"

"போன வாரமே பார்சல் போயிருச்சுங்க."

"எந்தெந்த ஊருக்குன்னு சொல்லுங்க. தப்புன்னு எழுதிப் போடறேன்."

"சொல்லமாட்டனுங்க," என்று கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

அன்று மாலையே எழுதத் தொடங்கினேன். எந்த ஊர் என்று தெரியாததால் கரையோரத்துப் படகுச் சங்கங்கள் ஒவ்வொன்றுக்கும் எழுதுகிறேன்.