அண்ணன் புதைத்த கரி

பெர்கன் நகரில் எங்கள் அலுவலகக் கேன்டீனில் ஒவ்வொரு பதார்த்தத்துக்குப் பக்கத்திலும் அதைச் சமைக்க எத்தனை கிராம் கார்பன் புகை ஆயிற்று என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நான் ஆட்டுக்கறித் தட்டோடு உட்கார்ந்தால் பக்கத்து மேசைக்காரர் முதலில் தட்டைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். நார்வேக்கு வந்து மூன்று வருடமாகியும் எனக்கு அந்த எரிச்சல் அடங்கவில்லை. கடலுக்கடியில் எண்ணெய் எடுத்து விற்றுச் செழித்த நாட்டில், நான் தின்கிற நாலு துண்டுக் கறிதான் உலகத்தைக் கெடுக்கிறதாக்கும்!

வேலைக்குச் சேர்ந்த அன்று மேலதிகாரி இங்ரிட் என் ஊரைக் கேட்டாள். சிவகாசிப் பக்கம், பட்டாசு செய்கிற ஊர் என்றேன். "அப்படியானால் எந்நேரமும் கொண்டாட்டம்தான்!" என்றாள். எங்கள் ஏழாயிரம்பண்ணையில் தூரத்தில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால், தன் வீட்டு ஆள் இன்றைக்கு எந்தக் கம்பெனி வேனில் ஏறிப் போனார் என்றுதான் பெண்கள் பதறுவார்கள். அதை எங்கே விளக்குவது? சிரித்து வைத்தேன்.

எங்கள் கம்பெனியின் தொழிலைக் கேட்டால் நீங்களும் சிரிப்பீர்கள். மரத்தைக் கரியாக்கி மண்ணில் புதைத்துவிட்டால் அதிலுள்ள கார்பன் காற்றில் கலக்காது. அப்படிப் புதைத்ததற்குச் சான்றிதழ் எழுதி, புகை விடுகிற பெரிய கம்பெனிகளுக்கு விற்கிறோம். சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் எங்கள் ஊர் நினைவுக்கு வர, அண்ணனை இதில் இழுத்துவிட்டவன் நான்தான். அவரும் என்னை நம்பிக் கரி சுட்டு, பாதியை நிலத்தில் புதைத்தார்; மீதியை அளவெடுத்த பிறகு புதைக்கலாம் என்று மூடை கட்டி வைத்தார். ஆள் வந்து அளவெடுக்கும்வரை உழக்கூடாது என்பது விதி. போன வருடம் மக்காச்சோளம் விதைக்காமல் நிலத்தைச் சும்மா போட்டார்.

அளவெடுக்க ஆள் போவதற்குள் சந்தை படுத்துவிட்டது. சான்றிதழை வாங்கியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. விருப்பம் இருந்தால் வாங்குவார்கள், இல்லாவிட்டால் "கொள்கை தெளிவாகட்டும்" என்று நழுவுவார்கள். கடலுக்கடியில் புகையை இறக்கும் குழாய்க்கு இந்த நாட்டு அரசாங்கம் அள்ளிக் கொடுக்கிறது. கரிசல் காட்டில் புதைத்த கரிக்கு இந்த அரசிலும் விதி இல்லை, நம் அரசிலும் விதி இல்லை. அண்ணன் கேட்கும்போதெல்லாம் "அடுத்த மாசம்" என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகிவிட்டது.

கடைசியில் இந்தப் புரட்டாசியில், நேரில் போகும் செலவை மிச்சம் பிடித்து, வீடியோவில் சரிபார்க்கலாம் என்றாள் இங்ரிட். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிலத்தில் நின்றார். நான் இங்ரிட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். மீதி மூடைகள் எங்கே என்று அவள் கேட்டாள்.

"மழையில நனைஞ்சு வீணாப் போகப் பாத்துச்சும்மா, நான் விடுவனா?" அண்ணன் முகமெல்லாம் சிரிப்பு. "தீவாளி சீசனுக்குக் கரித்தூளு கேட்டுச் சிவகாசில இருந்து ஆர்டர் வந்துச்சு. லோடு ஏத்தி விட்டுட்டேன். ஒரு மூடை வீணாகல."

எங்கள் பக்கத்தில் கரி என்றால் பட்டாசுக்குத்தான். நல்ல சரக்கைக் கெட்டுப்போக விடாத மனுசன் பெருமையாகத்தானே சொல்வார்? நிழலான இடத்தில் பத்திரமாக இருக்கிறது என்று நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இங்ரிட்டுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் விசா இந்த வேலையில் தொங்குகிறது. ஒரு சொல் விடாமல் அப்படியே மொழிபெயர்த்தேன், பாவி.

"எரித்துவிட்டார்களா? ஒரு மூடை எரிந்தாலும் மொத்தமும் ரத்து. புதைத்ததற்கும் சேர்த்துத்தான்," என்றாள் இங்ரிட். பிறகு குரலைத் தாழ்த்தி, "வாங்க ஆளில்லாத நேரத்தில் நமக்கும் இது நல்லதுதான். உன் நேர்மைக்கு நன்றி," என்றாள்.

"அந்தம்மா என்னலே சொல்றாக?" என்றார் அண்ணன்.

"சந்தோசம்னு சொல்றாகண்ணே. கொஞ்சம் பொறுக்கச் சொல்றாக."

"அதுக்கென்ன, அப்ப இந்த வருசமும் உளாமப் போட்டுருதேன்."

அவருக்குப் பின்னால் விதைப்பு மழை கறுத்துக்கொண்டு வந்தது. அண்ணன் இங்ரிட்டைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் கையசைத்தாள். திரையின் இரண்டு கட்டங்களில் ஒன்றில் அண்ணன் தனியாக நின்றார். அவளுடைய கட்டத்தில், அவள் தோளை ஒட்டி உட்கார்ந்து, நானும் கையசைத்துக்கொண்டிருந்தேன்.