தையல் மாஸ்டர் மாற்றிய டைமிங் பெல்ட்

என் மாப்பிள்ளை தையல்காரர். வீட்டின் முன் அறைதான் கடை. வாயில் எந்நேரமும் நாலு குண்டூசி இருக்கும், அதனால் பாதிப் பேச்சை மூக்கால்தான் பேசுவார். "ம்ம்" என்றால் தேநீர் வேண்டும். "ம்ம்ம்" என்று இழுத்தால் கத்தரிக்கோலைக் காணோம். "ம்ஹூம்" என்று தலையை ஆட்டினால், அளவு கொடுக்க வந்தவர் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறார் என்று அர்த்தம். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியதில் என் மகளுக்கு இதெல்லாம் அத்துப்படி. எனக்கும் புரியும், ஆனால் புரியாத மாதிரி இருந்துகொள்வேன். அப்போதுதான் மனிதர் ஊசியை எடுத்துவிட்டு ஒழுங்காகப் பேசுவார்.

தைப்பதைவிடப் பிரிப்பதில்தான் அவருக்குப் பிரியம் அதிகம். வேறு கடையில் கெடுத்துவிட்ட சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தால் முகம் மலர்ந்துவிடும். ஒரு நூல் கிழியாமல் பிரித்து, துண்டு துண்டாக மேசையில் பரப்பி, தட்டித் தடவிப் பார்த்து, திரும்பச் சேர்ப்பார். இந்தக் கை ஒரு நாள் காரையும் பிரிக்கும் என்று எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

எங்கள் கார் பழசு. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அதன் அடியில் பச்சையாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளையிடம் சட்டை தைத்துக்கொள்ளும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வந்தார், குனிந்தார், உச்சுக் கொட்டினார்.

"தண்ணி பம்பு போச்சு மாஸ்டர். அதைக் கழட்டணும்னா, எஞ்சினோட மேல் சக்கரத்தையும் கீழ்ச் சக்கரத்தையும் ஒண்ணாச் சுத்த வைக்கிற டைமிங் பெல்ட்டைக் கழட்டித்தான் ஆகணும். பெல்ட்டும் வெடிச்சுக் கிடக்கு, ரெண்டையும் சேத்து மாத்திடணும். அதுவரைக்கும் வண்டியத் தொடாதீங்க. பெல்ட்டு அறுந்துச்சுன்னா எஞ்சினுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு மோதி எல்லாம் நாசமாயிடும்."

"எப்ப மாத்தித் தருவீங்க?"

"நான் இன்னிக்கு ஊருக்குப் போறேன். வந்து, கையில இருக்கிறதை முடிச்சு, பதினஞ்சு நாளாகும். இந்தப் பக்கத்துல வேற மெக்கானிக்கும் இல்ல."

என் பேத்தியின் முகம் செத்துவிட்டது. காரணம் உண்டு. அவள் நர்ஸ் படிப்பு படித்தவள். வீடு வீடாகப் போய், படுக்கையில் இருப்பவர்களுக்குக் கட்டு மாற்றும் வேலைக்கு ஒன்றரை வருஷம் காத்திருந்து உத்தரவு வாங்கியிருந்தாள். திங்கட்கிழமை காலை ஏழரைக்குச் சொந்தக் காரோடு வந்து கையெழுத்துப் போட வேண்டும். வராவிட்டால் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதை அந்த உத்தரவிலேயே அச்சடித்திருந்தார்களாம். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் அவள் அந்த வரியை எத்தனை முறை வாசித்தாள் என்று எண்ணத் தெரியும்.

மாப்பிள்ளை வாயிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். நாலையும் எடுத்தால் பெரிய பேச்சு என்று அர்த்தம்.

"நானே மாத்திடறேன்."

என் மகள் சிரித்தாள். "ஏங்க, போன வருஷம் டயர் பஞ்சர் ஆனப்ப ஸ்பேர் டயர் எங்க இருக்குன்னு என்னைக் கேட்டீங்க."

"அது டயர். இது பிரிச்சுச் சேக்கற வேலை."

மெக்கானிக்கும் சிரித்தார். ஆனாலும் நல்ல மனுஷன், ஜாக்கியும் ஸ்பானர் பெட்டியும் கொடுத்து, புதுப் பம்பும் பெல்ட்டும் வாங்கும் கடையும் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னார்.

"பெல்ட்டை எடுக்கறதுக்கு முன்னாடி மேல் பல்சக்கரத்துலயும் கீழ் பல்சக்கரத்துலயும், அதுக்கு நேரா எஞ்சின் உடம்புலயும் கோடு போட்டுக்குங்க. மாட்டும்போது கோடு கோட்டோட சேரணும். ஒரு பல்லு தப்பினாலும் போச்சு."

"கோடு போடறத எனக்கே சொல்லித் தர்றீங்களா?" என்றார் மாப்பிள்ளை.

சனிக்கிழமை விடிந்ததும் ஆரம்பித்தார். பழுப்புத் தாளில் எஞ்சினின் முன்பக்கத்தைச் சட்டைக்கு வரைவதுபோல வரைந்து, கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடத்தில் குத்தி வைத்தார். கீழ்ச் சக்கரத்தின் பெரிய போல்ட் மட்டும் அசையவில்லை. பேத்தியைக் காருக்குள் உட்கார வைத்து, கியரைப் போட்டு, பிரேக்கை மிதிக்கச் சொன்னார். இவர் ஸ்பானரில் குழாயைச் சொருகித் தொங்கினார். என் மகளும் தொங்கினாள். ஒரு மணி நேரம் கழித்து அது 'டக்' என்று விட்டுக்கொடுத்தபோது இரண்டு பேரும் ஒன்றாகத் தரையில் உட்கார்ந்தார்கள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தான் சேந்து ஒரு காரியம் பண்ணியிருக்கோம்," என்றாள் மகள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

தையல் சுண்ணாம்பால் கோடுகள் போட்டார். கண்ணாடியில் கீறினதுபோல நேர்த்தியான கோடுகள். அதற்குப் பிறகு பழைய பெல்ட் கழன்று வந்தது, பம்பும் வந்தது. பழைய பம்பின் அச்சு ஆடிற்று. பம்பு உட்கார்ந்த இடத்தில் ஒட்டியிருந்த பசையைத் தையல் பிரிக்கும் பிளேடால் சுரண்டினார், புதுப் பம்பை மாட்டினார், எல்லாவற்றையும் துடைத்தார். நாங்கள் மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். பெல்ட்டை மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

அவர் தைத்த துணி எதுவும் பிரஷ் படாமல் கடையை விட்டுப் போகாது. சுண்ணாம்புத் தடம் ஒன்று மிஞ்சியிருந்தால்கூட அவருக்கு அவமானம். பம்பு கச்சிதமாக உட்கார்ந்த சந்தோஷத்தில் ஒரு அடி பின்னால் நின்று பார்த்தார். இடுப்பில் செருகியிருந்த பிரஷை எடுத்தார். மேல் சக்கரத்தை ஒரு தட்டு, கீழ்ச் சக்கரத்தை இரண்டு தட்டு, உடம்பில் இருந்த கோட்டையும் சேர்த்து, பளிச்சென்று துடைத்துவிட்டார். தட்டின வேகத்தில் மேல் சக்கரமும் லேசாக நகர்ந்துவிட்டது.

அவர் வாயில் இரண்டு போல்ட் இருந்தது.

"ம்," என்றார்.

அந்த 'ம்' எங்கள் அகராதியில் இல்லாதது.

பேத்தி எழுந்து உள்ளே போய்விட்டாள். அழுகிறாளோ என்று பின்னால் போனேன். கட்டிலில் உட்கார்ந்து, உத்தரவுக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதான் பாட்டி. வேற யாராவது போகட்டும்."

"போனா போகட்டும். ஆனா திங்கட்கிழமை காலையில போகட்டும். இன்னிக்கு சனிக்கிழமை. எந்திரிடி," என்றேன். நான் உட்கார்ந்தால் எழுந்திருக்க அரை மணி ஆகும், அதனால் நின்றபடியே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

ஊருக்குப் போயிருந்த மெக்கானிக்கைப் போனில் பிடித்தோம். அவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"மாஸ்டர், கம்பெனிக்காரன் போட்ட கோடு ஒண்ணு இருக்கும். அதை உங்க பிரஷ்ஷால அழிக்க முடியாது. பத்து வருஷ அழுக்குக்கு அடியில இருக்கும், மண்ணெண்ணெய் தொட்டுத் தேடுங்க. ஆனா சக்கரத்தைச் சும்மா சுத்திடாதீங்க, உள்ள முட்டும். பிளக்கைக் கழட்டிட்டு ஒவ்வொரு ஓட்டையிலயும் நீளமா ஒரு குச்சி விடுங்க. கீழ்ச் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி, எல்லாக் குச்சியும் ஒரே மட்டத்துல, பாதியில நிக்கற மாதிரி வைங்க. அப்புறம் மேல் சக்கரத்தைக் கோட்டுக்குக் கொண்டு வாங்க. கடைசியாக் கீழ்ச் சக்கரம். எங்கயாவது தட்டுச்சுன்னா நிறுத்திடுங்க, பலம் காட்டாதீங்க."

பேத்திதான் கோட்டைத் தேடினாள். பஞ்சை மண்ணெண்ணெயில் நனைத்து, புண்ணைத் துடைப்பதுபோல நடுவிலிருந்து வெளியே, ஒரு பஞ்சு ஒரு தடவைதான். மேல் சக்கரத்தில் ஒரு வெட்டு கிடைத்தது. கீழ்ச் சக்கரத்தில் கடுகளவு புள்ளி. என் மகள் தன் பிளாஸ்டிக் பின்னல் ஊசிகள் நாலைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வளைஞ்சா புதுசு வாங்கித் தரணும்."

"எஞ்சினே வளையாம இருக்கணும்னு பாத்துட்டிருக்கேன், இவளுக்கு ஊசி."

மாப்பிள்ளை சக்கரத்தைத் திருப்பின விதத்தை நான் பார்த்தேன். தடித்த துணியில் நாலு மடிப்புச் சேரும் இடத்தில் மிஷினை மிதிக்க மாட்டார், ஊசி உடையும். கையால் சக்கரத்தை உருட்டி, ஊசி துணிக்குள் இறங்குவதை விரலாலேயே கேட்டுக்கொண்டு போவார். அதே கை. ஒரு இடத்தில் ஏதோ தடுத்தது. நிறுத்தினார். பின்னால் கொஞ்சம் வந்தார். மறுபடி போனார். வெட்டும் புள்ளியும் அதனதன் இடத்தில் வந்து நின்றன. பெல்ட்டை மாட்டி, இறுக்கி, ஸ்பானரால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கோடுகள் விலகவில்லை. மற்றதையெல்லாம் பூட்டி, தண்ணீர் ஊற்றி முடிப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது.

சாவியைத் திருப்ப ஆள் இல்லை. மாப்பிள்ளை பேத்தியிடம் நீட்டினார், அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கொடுங்க இப்படி," என்று என் மகள் பிடுங்கினாள். "முப்பது வருஷமா உங்களை ஸ்டார்ட் பண்றேன், இது என்ன பெரிய விஷயம்."

கார் ஒரு தடவை முனகியது. இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு, எதுவும் கீழே விழாத இடத்தில் எதையோ தேடினார்.

ஓட்டிப் பார்க்கத் தனியாகத்தான் போவேன் என்றார். நான் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"இறங்குங்க அத்தை. வழியில நின்னுட்டா என்ன பண்ணுவீங்க?"

"உங்களோட சேந்து நிப்பேன். வண்டிய எடுங்க."

தெருவுக்குத் தெரு நிறுத்தி, மூடியைத் திறந்து பார்த்து, நாலு தெருவைச் சுற்ற ஒரு மணி நேரம் ஆயிற்று. நடந்திருந்தால் முன்னாலேயே வந்திருப்பேன். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒழுகவில்லை.

திங்கட்கிழமை ஆறே முக்காலுக்குப் பேத்தி கிளம்பினாள். ஏழு இருபதுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று போன் வந்தது. கடையில் சொல்லலாம் என்று முன் அறைக்குப் போனால் மாப்பிள்ளையைக் காணோம். சைக்கிளையும் காணோம்.

மிச்சத்தைப் பேத்திதான் சாயங்காலம் சொன்னாள். முதல் வீட்டில் கட்டு மாற்றிவிட்டு வந்து காரை எடுத்திருக்கிறாள். கண்ணாடியில் பார்த்தால், பின்னால் ஒரு சைக்கிள், கேரியரில் கட்டிய தண்ணீர் கேன், சீட்டில் அவள் அப்பா. ஓரமாக நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாளாம்.

"அப்பா, அடுத்த வீடு பத்து கிலோமீட்டர். வண்டி நல்லா ஓடுது. வீட்டுக்குப் போங்க."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, காரின் அடியில் ஒரு தரம் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாராம்:

"போறேன். நீ முதல்ல போ. எப்படிப் போகுதுன்னு பாத்துட்டுப் போறேன்."