கட்டை கையில் இல்லாமல் பேசிய பட்ஜெட்

அந்த வருடம் பட்ஜெட் எங்கள் குப்பத்துக்கு ஏரி வழியாகத்தான் வந்தது. பஞ்சாயத்து ரேடியோவின் ஒலிபெருக்கியை யாரோ தண்ணீர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். செய்தி வாசிக்கிறவரின் குரல் முதலில் ஏரிக்குள் போய்க் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, பிறகு எங்களிடம் திரும்பி வந்தது போல இருந்தது. நடுநடுவே ஆந்திரா ஸ்டேஷன் குறுக்கே புகுந்து ஒரு தெலுங்குப் பாட்டைக் கொட்டிவிட்டுப் போகும். வரி, பாட்டு, சலுகை, பாட்டு. மாசி மாத வெயில் இறங்குகிற நேரம். தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வெளிச்சத்தில் பூநாரைகள் அந்தரத்தில் நின்றன. இன்று நினைத்தால் அதை விழித்திருந்து கேட்டேனா, தூக்கத்தில் கேட்டேனா என்றே சந்தேகமாக இருக்கிறது.

கோபம் மட்டும் நிஜம். அதில் சந்தேகம் இல்லை.

எழுபதுகளின் நடு அது. பெட்ரோல் விலை ஏறி, அதோடு எல்லா விலையும் ஏறி, கரண்டும் இல்லாமல் போன காலம். கும்மிடிப்பூண்டியில் கம்பி இழுக்கிற ஒரு கம்பெனியில் நான் சில மாதம் வேலை பார்த்தேன். தினமும் எளாவூர் வழியாகச் சைக்கிளில் போவேன். கரண்ட் வெட்டில் இரண்டாவது ஷிப்டை நிறுத்தினார்கள். அந்த ஷிப்டில் இருந்த எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். நாடு எழுந்து நிற்கிறது, பட்ஜெட் வரட்டும், வரி குறைந்தால் கூப்பிடுகிறோம் என்றார்கள். ஒரு வருடம் ஆயிற்று. நாடு எழுந்து நின்றதோ என்னவோ, நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

"கம்பெனி கூப்புடும் கூப்புடும்னு சைக்கிளுக்கு எண்ண போட்டுக்கினே கீற. அந்த எண்ணய தலைக்காவது வெச்சிக்கினு இருக்கலாம்" என்பாள் என் மனைவி.

எங்கள் ஏரியில் மீன் பிடிக்கப் பாடு என்று ஒன்று உண்டு. பாடு என்றால் முறை. இறால் வருகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எந்த நாளில் எவன் வலை போடுவது என்று வருடத்துக்கு ஒரு தடவை சீட்டுக் குலுக்கிப் பட்டியல் எழுதுவார்கள். வெளியே சம்பளத்துக்குப் போகிறவனுக்கு அந்த வருடம் முறை கிடையாது. அடுத்தடுத்து இரண்டு வருடம் பெயர் கொடுக்காமல் விட்டால் பிறகு எப்போதும் கிடையாது. போன வருடம் கம்பெனியை நம்பி நான் கொடுக்கவில்லை. மறுநாள் சீட்டு. பெயர் கொடுத்தால் கம்பெனி கூப்பிடும்போது போக முடியாது. கொடுக்காவிட்டால் ஏரி என்னுடையதில்லை. பட்ஜெட்டைக் கேட்டு முடிவு செய்யலாம் என்று ஒரு முட்டாள்தனமான எண்ணத்தோடு கூட்டத்துக்குப் போனேன்.

எங்கள் கூட்டத்தில் பேச ஒரு வழக்கம் இருந்தது. வலையில் கட்டுகிற மிதப்புக் கட்டை ஒன்று கைமாறி வரும். அது யார் கையில் இருக்கிறதோ அவன்தான் பேசலாம், கூட்டத் தலைவருக்கு மட்டும் அது வேண்டாம். கட்டை இல்லாமல் வாயைத் திறந்தால், அடுத்த பட்டியலில் அவனுக்குக் குலுக்கலே கிடையாது, எல்லோருக்கும் பிறகு கடைசி முறைதான். ஏரியைப் பற்றிப் பேசினாலும் அதே சட்டம், டில்லியைப் பற்றிப் பேசினாலும் அதே சட்டம்.

ரேடியோவை அணைத்தார்கள். கட்டை சுற்ற ஆரம்பித்தது.

முதலில் வலை பின்னுகிற கிழவன். "நைலான் நூலு பத்தி இன்னா சொன்னான்? அந்த நேரம் பாத்து ஒரு பொம்பள பாட ஆரம்பிச்சிட்டா."

"ஏறிச்சின்னுதான் பாடனா" என்று அவனிடமிருந்து கட்டையை வாங்கிக்கொண்டு சொன்னான் அடுத்தவன். சிரிப்பு.

அதற்கடுத்தவன் என் அண்ணன். எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தான். கட்டையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்துப் பேசுகிறவன். "எனக்கு ஒண்ணு புரியல. ஒவ்வொரு வருசமும் கம்பெனிக்காரனுக்குச் சலுகை. ஒவ்வொரு வருசமும் நமக்கு மண்ணெண்ண ஏறுது. டில்லில பாடு கெடையாதா? இந்த வருசம் அவன் முறைன்னா அடுத்த வருசம் நம்ம முறையில்ல வரணும்?"

"அங்க சீட்டு குலுக்கறவனே அவன்தானே நைனா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று தலைவர் திரும்பிப் பார்த்தார். குரல் இருட்டிக்கொண்டிருந்த படகுகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

அண்ணன் கட்டையை அடுத்த ஆளுக்கு நீட்டினான். அடுத்த ஆள் நான். ஆனால் அவன் கை என் மடியைத் தாண்டி, எனக்கு வலப்பக்கம் இருந்தவனிடம் போயிற்று. அண்ணன்மேல் தப்பில்லை. பட்டியலில் இருக்கிறவனுக்குத்தான் கட்டை. நான் பட்டியலில் இல்லை. அந்தக் கட்டை என் நினைவில் இன்றும் என் முகத்துக்கு முன்னால் மெதுவாகத்தான் போகிறது. அதிலிருந்து ஏரி வாசனை வந்தது. ஈரம் காய்ந்து வெளுத்திருந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

வலப்பக்கத்துக்காரன் தொண்டையைக் கனைத்தான். "கம்பெனிக்கு வரி கொறைச்சா நல்லதுதான். இவன மாதிரி ஆளுங்களுக்கு வேல கெடைக்கும். ஏரிலயும் கூட்டம் கொறையும்."

இவன மாதிரி ஆளுங்க. நான் எழுந்துவிட்டேன்.

"இன்னாடா கொறையும்? நான் இன்னா ஏரில மொளச்ச பாசியா? ஒரு வருசமா கம்பெனிக்காரன் மிஷினு மேல சாக்கு போத்தி வெச்சிக்கிறான். கேட்டா பட்ஜெட்டுன்றான். பட்ஜெட்ட கேட்டா பாட்டு பாடுது. இங்க வந்தா கட்டை என்னைத் தாண்டிப் போவுது. டில்லிக்காரன் கணக்குலயும் நான் இல்ல, உங்க கணக்குலயும் இல்ல. அப்ப எந்தக் கணக்குலடா கீறேன் நானு?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நிதி மந்திரியிலிருந்து எங்கள் தலைவர் வரை ஒருவரையும் விடவில்லை. என்ன சொன்னேன் என்பதை எழுத முடியாது. எழுதினால் அச்சடிக்கிறவன் திருப்பி அனுப்பிவிடுவான்.

கூட்டம் வாயைப் பிளந்தது. "கட்டை இல்லாம பேசிட்டான்!" என்று இருட்டிலிருந்து ஒரு குரல் கத்தியது.

தலைவர் என்னைப் பார்க்கவே இல்லை. "கடைசி முறை" என்றார். கணக்கெழுதுகிறவன் உடனே நோட்டில் குனிந்தான்.

"கடைசி இன்னா கடைசி?" என்றான் என் வலப்பக்கத்துக்காரன். "பட்டியல்லயே இல்லாதவனுக்கு எங்க இருந்து கடைசி முறை குடுப்ப?"

கணக்கெழுதுகிறவன் பேனாவை நிறுத்தினான். தண்ணீர் படகுகளில் மோதுகிற சத்தம் கேட்டது. வெளியாளுக்கு அபராதம் போட எங்கள் கூட்டத்துக்கு அதிகாரம் கிடையாது. அது எல்லோருக்கும் தெரியும். தலைவருக்கும் தெரியும். வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் மணலை ஒரு பிடி அள்ளி, விரல் வழியாக விட்டுக்கொண்டே இருந்தார். அள்ளிய மணல் முழுவதும் விழுந்தபின் சொன்னார்: "சொன்னது சொன்னதுதான். எழுது."

கணக்கெழுதுகிறவன் என் பெயரைப் புதுப் பட்டியலின் கடைசியில் எழுதினான். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அதைச் சொல்லக் கட்டை தேவையில்லை, வாய் இருந்தால் போதும். எனக்கு வாய் வரவில்லை. பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து என் மனைவி சிரிப்பது கேட்டது. வீட்டுக்குப் போகும்போது, "தண்டன வாங்கி பேரு சேத்துக்கினவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்யா" என்றாள். அந்த வாரத்தில் அவள் என்னிடம் நன்றாகப் பேசிய ஒரே பேச்சு அது.

டில்லியில் பட்ஜெட்டைப் பற்றி வாரக்கணக்கில் பேசினார்கள். நாங்களும் விடவில்லை. மறுநாள் சீட்டுக் குலுக்கிய பிறகு கட்டை மறுபடி சுற்றியது. இந்தத் தடவை என்னிடமும் வந்தது, எல்லோருக்கும் கடைசியாக. அதற்குள் பாதிப் பேர் சோற்றுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் பீடி பற்ற வைத்துக்கொண்டு வேறு கதை பேசினார்கள். நான் ஏரியைப் பார்த்து உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். யாரும் குறுக்கே பேசவில்லை. பேசக் கூடாது, கட்டை என் கையில் இருந்தது.

என் முறை வர நான்கு நாள் இருக்கும்போது கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. உடனே வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். நான் போகவில்லை. விடிகாலையில் என் இடத்தில் என் வலையைப் போட்டேன். பனி. அண்ணன் துடுப்புப் போட்டான், ஆனால் அவனே எனக்குத் தெரியவில்லை, அவன் இருமல் மட்டும் தெரிந்தது. இறால் சுமாராகத்தான் விழுந்தது. அடுத்த நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு ஆசை. கேட்டில் இருந்தவன் ஆள் எடுத்தாயிற்று என்றான். அவனை நன்றாகத் திட்டினேன். அவன் என்ன செய்வான் பாவம்.

திரும்பி வரும்போது எளாவூர் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசையாக நின்றன. அவற்றின் நடுவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். கையில் இன்னும் இறால் வாசனை இருந்தது.